வந்த மொழி, வராத மொழி

1

இந்தக் கதையை என்னிடம் கேட்டது என் அண்ணன். கதை கேட்டான் என்றுகூடச் சொல்ல முடியாது. துப்புத் துலக்கச் சொன்னான். அவன் கடல் தாண்டி ஒரு நகரத்தில் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறான். அண்ணி இங்கே என்னோடும் அம்மாவோடும் இருக்கிறாள். அவள் அவனிடம் போய்ச் சேர வேண்டுமானால் ஜெர்மன் மொழியில் ஆரம்ப நிலைத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். அது அந்த நாட்டு விதி. இரண்டாவது முறையும் அண்ணி அந்தத் தேர்வில் தோற்ற அன்று மாலை, அண்ணன் அவளைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டான்.

"நீதான் கதை எழுதறவளாச்சே. யாரு எதை ஏன் செய்யறாங்கன்னு பக்கம் பக்கமா எழுதறியே. உங்க அண்ணி ஏன் இப்படிப் பண்றான்னு கண்டுபிடிச்சுச் சொல்லு பார்ப்போம்."

"எப்படிப் பண்றாங்க?"

"வேண்டிய பாஷை ஒரு வார்த்தை வாயில நுழைய மாட்டேங்குது. யாருக்குமே வேண்டாத துருக்கி பாஷை தண்ணி மாதிரி வருது. இதுக்கு ஒரு காரணம் இருக்கணுமா இல்லையா?"

இருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். பகலில் மருந்துப் பெட்டிகளுக்குள் மடித்து வைக்கும் பொடி எழுத்துக் காகிதங்களைப் பிழை திருத்துவது என் வேலை. ‘இம்மருந்தால் சிலருக்குத் தலைசுற்றல் ஏற்படலாம், காரணம் அறியப்படவில்லை' என்று ஒரு வரி வந்தால் எனக்குக் கை அரிக்கும். அறியப்படவில்லை என்றால் அறிந்துகொண்டு வந்து அச்சடியுங்களேன் என்று தோன்றும். ஆகவே ஒப்புக்கொண்டேன்.

(ஒரு சிறு விளக்கம். நேரில் நான் அண்ணியை ‘நீங்க' என்றுதான் சொல்வேன். எழுதும்போது ‘வந்தாள், போனாள்' என்று தானாக விழுகிறது. முதல் வரைவைப் படித்தபோது அண்ணி அதைக் கவனித்துவிட்டு, "பேப்பர்ல மட்டும் நாம ரொம்ப நெருக்கமாயிட்டோம் போல" என்றாள். திருத்தவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.)

2

முதல் தொடக்கம்:

‘அவள் துருக்கி மொழியை முதன்முதலாகக் கேட்டது ஓர் ஆணின் குரலில். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவன் குடையை மடக்கியபடி'

இங்கே நிறுத்திவிட்டேன். என் கதைகளில் நான் பொய் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் மழை வரும். குடை வேறு வந்துவிட்டது.

இரண்டாவது தொடக்கம்:

‘அவளுடைய அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஒரு புதிய சொல்லைச் சட்டைப் பையில்'

அண்ணியின் அப்பா வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவர். தண்ணீரைக் கண்டால் ஒதுங்கி நடப்பவர். அவரைக் கப்பலில் ஏற்ற எனக்கே மனம் வரவில்லை.

மூன்றாவது தொடக்கம்:

‘அவளுக்குக் கணவனிடம் போக விருப்பமில்லை. அதை வாய்விட்டுச் சொல்லத் தைரியமும் இல்லை. ஆகவே அந்த விருப்பமின்மை வேறொரு மொழியின் உடுப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடத் தொடங்கியது.'

இது எனக்குப் பிடித்திருந்தது. நடமாடத் தொடங்கியது என்ற இடத்தில் நானே என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அண்ணிக்குக் காட்டினேன். அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. இது யாரு?"

"நீங்கதான், அண்ணி."

"நான் இல்லியே. எனக்கு அங்க போக இஷ்டமில்லன்னா உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டுப் போறேன். அதுக்கு எதுக்கு ஒரு பாஷையை முக்கி முக்கிப் படிக்கணும்? ஒரு போன் போட்டா வேலை முடிஞ்சுது."

"அப்ப எதுக்குப் படிக்கிறீங்க?"

"பிடிச்சிருக்கு."

"அதான் ஏன்?"

அவள் ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டாள்.

"என்னைப் பத்தி எழுதணும்னா எழுது. காரணம் மட்டும் வைக்காத."

யோசித்துப் பார்த்தேன். நான் எழுதியிருந்தது அவளைப் பற்றியே அல்ல. என் அண்ணனின் பயத்துக்கு நான் நல்ல தமிழில் சட்டை தைத்திருந்தேன், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். (கிழித்தேன் என்பது பேச்சுக்கு. கணினியில் அழித்தேன். அழிப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டதால்தான் மேலே உங்களுக்குக் காட்ட முடிந்தது.)

3

நடந்தது இது.

அண்ணி வேலை பார்ப்பது ஒரு டென்டல் லேபில். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள்; இங்கே அதற்கேற்ற பல் செய்து கொடுப்பார்கள். முதல் மாடியில் நீளமான ஓர் அறை. ஜன்னலோரம் வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி, தூசியை உறிஞ்சும் ஒரு குழாய். மேசைமேல் யார் யாருடையவோ தாடைகள் பிளாஸ்டரில் வாய் பிளந்து கிடக்கும். அண்ணியுடையது கடைசிக் கட்ட வேலை. மெஷின் கடைந்து தரும் வெள்ளைப் பல்லுக்கு மெல்லிய தூரிகையால் நிறம் ஏற்ற வேண்டும். வாயில் பொருத்தினால் பக்கத்துப் பல்லின் உடன்பிறப்பு போல இருக்க வேண்டும். "எந்தப் பல்லும் வெள்ளை இல்ல" என்பாள். யாராவது எதிரில் நின்று சிரித்தால் அவள் பார்வை அவர்கள் கண்ணுக்குப் போகாது. வீட்டில் எங்களுக்குப் பழகிவிட்டது. வருகிறவர்கள்தான் வாயை மூடிக்கொள்வார்கள்.

அந்தக் கடைசல் மெஷின் புதிதாக வந்தபோது, பொருத்த வந்தவர் அவசரத்தில் மொழிப் பட்டியலில் தவறான வரியைத் தொட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். மெஷின் துருக்கி மொழியில் பேச ஆரம்பித்தது. அதை மாற்றும் கடவுச்சொல் அவரிடம் இருந்தது. அவரோ வேறு ஊரில் இருந்தார். அவர் திரும்பி வரும்வரை லேபில் எல்லோரும் மெஷினைத் திட்டினார்கள். அண்ணி தன் நாற்காலியை மெஷின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மூடி திறந்திருக்கும்போதெல்லாம் மெஷின் ஒரு பெண் குரலில் "கபாஉ கபாத்துன்" என்றது. மூடினால் அடங்கியது. பல்லைக் கடையும்போது "லுட்ஃபென் பெக்லெயின்" என்றது, எல்லோரும் காத்திருந்தார்கள்.

"கபாக்னா மூடி, கபாத்னா மூடு" என்று அண்ணி அன்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னாள். "முதல் சொல்லோட கடைசி க் கரைஞ்சு, சின்னதா ஒரு உ ஒட்டினா ‘மூடியை'. அடுத்த சொல்லுல ஒரு உன் ஒட்டினா ‘மூடுங்க'. மூடியை மூடுங்க! நாம ஒட்டற மாதிரியே ஒட்டறாங்க. வினை கடைசிலதான் வருது."

"சரி."

"என்ன சரி? லுட்ஃபென்னா தயவுசெய்து, பெக்லேன்னா காத்திரு. அதோட இன் சேர்த்தா ரெண்டு உயிரெழுத்து இடிச்சுக்குதுல்ல? நடுவுல ஒரு ய் வந்து உக்காந்துக்குது. பெக்லெயின்!"

பள்ளிக்கூடத்தில் உடம்படுமெய் என்ற பாடத்தில் எனக்கு மதிப்பெண் போனது நினைவுக்கு வந்தது. அதற்காக ஒருத்தி இப்படிப் பூரித்துப்போய் வாசலில் நின்று நான் பார்த்ததில்லை.

"இன்னும் கேளு. காசு, பாட்டுன்னு சொல்றப்ப கடைசில பாதி உ ஒண்ணு வருதே, உதட்டைக் குவிக்காம? அந்தச் சத்தத்துக்கு அவங்ககிட்ட தனி எழுத்தே இருக்கு. இங்கிலீஷ் ‘i' மாதிரி, ஆனா தலையில புள்ளி வைக்காத குச்சி ஒண்ணு."

பொருத்தினவர் திரும்பி வந்து மெஷினின் மொழியை மாற்றினார். லேபில் கை தட்டினார்களாம். அண்ணி தன் நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். "நல்லாப் பேசிட்டிருந்த ஆளு சொல்லாம வேலையை விட்டுப் போன மாதிரி இருந்துச்சு" என்றாள். அன்று சாயங்காலமே கைபேசியில் துருக்கிப் பாடங்களைத் தேடி எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

இதை எழுதி முடித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். காரணம் கிடைத்துவிட்டது: அந்த மொழியின் உடம்பு தமிழின் உடம்பு மாதிரி இருக்கிறது! அண்ணனுக்குப் போன் போடலாம் என்று எழுந்தேன். அதற்கு முன் அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன்.

"ஜப்பான் பாஷைலயும் இப்படித்தான் ஒட்டறாங்களாம், கடைசிலதான் வினை வருதாம்" என்றாள் அவள். "கேட்டுப் பார்த்தேன். எனக்கு ஒண்ணும் ஆகலியே."

போனைக் கீழே வைத்தேன்.

4

ஜெர்மன் வகுப்பு ஒரு வங்கிக்கு மேலே, கண்ணாடிக் கதவு போட்ட அறையில் நடந்தது. நர்ஸுகள், கணவனிடம் போகக் காத்திருக்கும் மனைவிகள், ஒரு சமையல்காரர். வாத்தியார் இளைஞர், பொறுமையானவர். அண்ணி ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவள் ஏமாற்றுகிறாள் என்று எங்கள் வீட்டில் ஒரு காலம் எல்லோரும் நினைத்தோம். வார்த்தைகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதி ஜன்னல், கதவு, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றிலும் ஒட்டினாள். அம்மா காலையில் எழுந்து ஜன்னலைத் திறக்கும்போது "தாஸ் ஃபென்ஸ்டர்" என்று படித்துக்கொண்டே திறந்தாள். கொஞ்ச நாளில் வீட்டில் இருந்த சாமான்கள் அத்தனைக்கும் அம்மாவுக்கு ஜெர்மன் பெயர் தெரிந்துவிட்டது. அண்ணிக்குத்தான் தெரியவில்லை.

"நல்ல பாஷைதான். அதைக் குறை சொல்ல மாட்டேன்" என்பாள். "எனக்கும் அதுக்கும் இன்னும் பேச்சுவார்த்தை இல்ல, அவ்வளவுதான்."

அவளைப் படுத்தியது வினைச்சொல். ஜெர்மனில் சில வினைகள் இரண்டு துண்டாக உடையும். ‘திற' என்று சொல்ல வேண்டுமென்றால், ஒரு துண்டை முன்னால் சொல்லிவிட்டு, எதைத் திறப்பது, யார் திறப்பது என்பதையெல்லாம் நடுவில் அடுக்கி, மறு துண்டைக் கடைசியில் வைக்க வேண்டும். அண்ணி முன் துண்டைச் சொல்வாள். நடுவில் உள்ளதையும் சொல்வாள். அங்கேயே நின்றுவிடுவாள்.

முதல் தேர்வில் பேச்சுப் பகுதிக்கு அவளிடம் ஒரு படம் கொடுத்தார்கள். ஜன்னல். எதிரில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு மாணவியிடம் அதைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அண்ணி வாயைத் திறந்தாள். "பென்ஜெரெயி அச்சுன், லுட்ஃபென்" என்று வந்தது. அத்தனையும் துருக்கி. தேர்வாளர் புரியவில்லை என்றார். புரியவில்லை என்றதும் அண்ணி இன்னும் தெளிவாக, இன்னும் சத்தமாக அதையே சொன்னாள். எதிரே இருந்த நர்ஸ் படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, எழுந்து போய் நிஜ ஜன்னலையே திறந்துவிட்டாள். காற்று வந்தது. மதிப்பெண் வரவில்லை.

இரண்டாவது தேர்வுக்கு, துருக்கி வெளியே வரக் கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டு போனாள். வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை.

5

அண்ணன் என்னிடம் பேசியதற்கு மறுநாள் அவளைக் கூப்பிட்டான். போன் மேசைமேல் ஸ்பீக்கரில் இருந்தது. ஆகவே இந்தப் பகுதிக்கு நானே சாட்சி.

"இனிமே அந்தத் துருக்கியைத் தொடாதே. பாஸ் பண்ற வரைக்குமாவது" என்றான்.

"அது வேற அலமாரிங்க, இது வேற அலமாரி. அதைக் காலி பண்ணா இது நிறையாது."

"எனக்கு அலமாரி எல்லாம் தெரியாது. உபயோகம் இல்லாதது வருது, உபயோகமானது வரலன்னா என்ன அர்த்தம்? நான் இங்க தனியாச் சாப்பிட்டுத் தனியாத் தூங்கறேன். வர இஷ்டம் இல்லன்னா நேராச் சொல்லிடு."

அம்மா அடுப்புப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள். "அந்தப் பாஷையில யார்கிட்டப் பேசறான்னு முதல்ல கேளுடா!"

"மெஷின்கிட்ட அத்தை" என்றாள் அண்ணி. "அதுவும் இப்ப பாஷை மாறிடுச்சு."

யாரோ போனை வைத்தார்கள். மற்றவர்தான் வைத்தார் என்று இரண்டு பேருமே இன்றுவரை சொல்கிறார்கள்.

அவள் துருக்கியை நிறுத்தினாள். காதில் எதுவும் மாட்டாமல் வேலைக்குப் போனாள், வந்தாள், ஜெர்மன் புத்தகத்தின் முன் உட்கார்ந்தாள். அப்போது அதுவரை நடக்காத ஒன்று நடந்தது: அவள் நிறம் ஏற்றிய பற்கள் லேபுக்குத் திரும்பி வந்தன. பக்கத்துப் பல்லோடு சேரவில்லை என்று டாக்டர்கள் குறிப்பு எழுதி அனுப்பினார்கள். கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளும்படி லேப் முதலாளி சொன்னார். அண்ணி அன்று வீட்டுக்கு வந்து, துண்டுக் காகிதங்கள் ஒட்டிய குளிர்சாதனப் பெட்டியின் முன் கொஞ்ச நேரம் நின்றாள்.

"ஒரு கையைக் கட்டிப் போட்டா இன்னொரு கை ஒழுங்கா வேலை செய்யும்னு நினைச்சேன்" என்றாள். "ரெண்டும் மரத்துப் போச்சு. இனிமே ரெண்டையும் படிக்கப் போறேன்."

"அண்ணன் கேட்டா?"

"கேக்கட்டும். அந்தப் பரீட்சையையும் பாஸ் பண்ணத்தான் போறேன். இவர் மிரட்டினார்னு இல்ல. நான் ஊமைன்னு அந்த ஆபீஸ்ல ஒரு காகிதம் கிடக்கு. அது அப்படியே கிடக்கக் கூடாது."

சொல்லிவிட்டு இயர்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். அந்த முகத்தை எழுத நான் நான்கைந்து வாக்கியம் முயன்றேன். ‘அவள் முகத்தில் ஓர் எஃகு' [வேண்டாம்]. ‘அவள் கண்களில் ஒரு தீ' [இதுவும் வேண்டாம்]. சிக்கெடுக்க உட்கார்ந்தவளின் முகம் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சீப்பு உடைந்தாலும் எழுந்திருக்கப் போவதில்லை என்ற முகம்.

6

மூன்றாம், நான்காம் பகுதிகளை அவளிடம் காட்டியபோது ஒரு தகராறு. நர்ஸ் ஜன்னலைத் திறந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"‘திறந்துவிட்டாள்'னு எழுதியிருக்க. நீ பார்த்தியா?"

"நீங்க சொன்னீங்களே."

"அப்ப ‘திறந்துவிட்டாளாம்'. துருக்கில இதுல ரொம்பக் கறாரா இருப்பாங்க. கண்ணால பார்த்து, காதால கேட்டிருந்தா ஸொய்லெதி. சொன்னாரு. அடுத்தவங்க சொல்லித் தெரிஞ்சதுன்னா ஸொய்லெமிஷ். சொன்னாராம். ரெண்டையும் மாத்திப் போட்டா அவங்களுக்கு உறுத்தும்."

"தமிழ்லயும்தான் ஆம் இருக்கே."

"இருக்கு. கதை எழுதறவங்கதான் போட மாட்டேங்கறீங்க."

அவள் சொன்னது நியாயம். ஆனால் ஒரு கதை முழுவதையும் திறந்தாளாம், கேட்டாளாம், தோற்றாளாம் என்று எழுதினால் வம்பு பேசுவது போல ஆகிவிடும். பேரம் பேசினோம். லேபில் கை தட்டிய இடத்தில் ஒரு ‘ஆம்' போட்டேன். மற்ற இடங்களில் அது எழுதாமலே இருப்பதாக நீங்கள் படித்துக்கொள்ள வேண்டும்.

7

இனி வருகிறவரை அண்ணி ‘அப்லா' என்று கூப்பிடுகிறாள். துருக்கி மொழியில் அக்கா. அண்ணன் இருக்கும் நாட்டில், ஆனால் அவன் ஊருக்கு வெகு தூரத்தில், பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருப்பவர். கல்யாணமாகி அந்த நாட்டுக்குப் புதிதாக வந்து திணறும் துருக்கிப் பெண்களுக்காக, கடையில் வேலை பார்த்தபடியே ஜெர்மன் சொல்லிக் கொடுத்துப் படம் பிடித்து இணையத்தில் போடுகிறார். யாருடைய தலையிலாவது சாயம் பூசிக்கொண்டே, அந்தத் தலையையே உதாரணமாக வைத்துப் பாடம் நடத்துவார்.

அண்ணி அதைத் தற்செயலாகத்தான் கண்டாள். துருக்கி கேட்க வேண்டும் என்று திறந்தாள். உள்ளே ஜெர்மன் இருந்தது. அன்று பார்த்த பாடம், அந்த உடையும் வினையைப் பற்றியது.

அப்லா வாடிக்கையாளரின் முடியைச் சீப்பால் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "முதல் துண்டு சீப்பு. முன்னாடி போய்த் தூக்கிப் பிடிக்கும். நடுவுல வர்றதெல்லாம் முடி. எவ்வளவு வேணா இருக்கட்டும். கடைசித் துண்டு கத்தரி. அது வந்தாத்தான் வெட்டு விழும். சீப்பைப் போட்டுட்டு நடுவழியில நின்னீங்கன்னா இந்தப் பொண்ணு எப்ப வீட்டுக்குப் போறது?" நறுக்.

(அண்ணி சொன்ன மொழிபெயர்ப்பு இது. நறுக் மட்டும் நான் நேரில் கேட்டது.)

அண்ணி அந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அடுப்படியில் நின்ற அம்மாவிடம், தடுமாறாமல், கதவைத் திறங்கள் என்று ஜெர்மனில் சொன்னாள். அம்மா திறந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணி அப்லாவுக்குத் துருக்கியில் ஒரு குறிப்பு எழுதினாள். பதில் வந்தது. கடை விடுமுறை நாளில் காலையில் காணொளியில் பேசலாம் என்றார். முதல் நாள் நானும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். குட்டையாக வெட்டிய நரை முடி, கையில் ஒரு பெரிய கோப்பை, பின்னால் ஆளில்லாத சுழல் நாற்காலிகள். அவர் ஏதோ கேட்டார். அண்ணி பதில் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

"என்ன கேட்டாங்க?"

"உன் வீட்டுக்காரர் துருக்கியான்னு கேட்டாங்க. இல்லேன்னேன். அப்ப ஏன் படிச்சேன்னாங்க. பிடிச்சுதுன்னேன்."

"அதுக்கு?"

"சரின்னாங்க."

அவ்வளவுதான். நான் இத்தனை பக்கம் செலவழித்த கேள்வியை அந்த அம்மாள் ஒரே மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

அப்புறம் என்னைக் காட்டி இது யார் என்றார். "கொரும்ஜெ" என்றாள் அண்ணி. உடனே அப்லா கண்ணை உருட்டி, உதட்டைச் சுழித்து ஒரு முகம் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கணவனின் சகோதரிக்கென்றே தனியாக ஒரு சொல் அந்த மொழியில் இருக்கிறது. நாத்தனாருக்கு அங்கேயும் நல்ல பெயர் இல்லை.

"ஜெர்மன்ல நாத்தனாருக்கு என்ன?" என்று கேட்டேன்.

"நாத்தனார், அண்ணி, மச்சினி, ஓரகத்தி எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான்" என்றாள் அண்ணி. "உனக்கு அந்த ஊருதான் வசதி."

8

அண்ணன் மறுபடி என்னைக் கூப்பிட்டான். "கண்டுபிடிச்சியா?"

இல்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆகவே அண்ணியிடம் கடைசியாக ஒரு முறை போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. காரணமே இல்லாம ஒண்ணு எப்படிப் பிடிக்கும்?"

"உங்க அண்ணனை ஏன் கட்டிக்கிட்டேன்?"

இது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "லேப் இருக்கற கட்டடத்துல லிஃப்ட் நின்னு போச்சு. நீங்க உள்ள மாட்டிக்கிட்டீங்க. அண்ணன் வந்து கதவைத் திறந்தான்."

"கதவைத் திறந்தது உங்க அண்ணன் இல்ல" என்றாள். "கூட வந்த இன்னொருத்தர். நல்லா உயரமா இருப்பாரு. அவர்தான் கம்பியை விட்டு நெம்பித் திறந்து, கை கொடுத்துத் தூக்கி விட்டாரு. உங்க அண்ணன் ஓரமா டார்ச்சைப் பிடிச்சிட்டு நின்னாரு. அதையும் என் மூஞ்சிக்கு நேரா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? எனக்கு டார்ச்சைப் பிடிச்சவரைத்தான் பிடிச்சுது. காரணம் பார்த்தா நான் மத்தவரைத்தான் கட்டியிருக்கணும்."

மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அங்கேயே கட்டிலில் உட்கார்ந்து, இதைக் கதையில் எங்கே வைப்பது என்று யோசித்தேன். அப்புறம் முதலில் அண்ணனுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். அவள் சொன்ன சொற்களிலேயே, எதையும் கூட்டாமல்.

"டார்ச் நான்தான் பிடிச்சேன்" என்றான். "மூஞ்சிக்கு நேராவா பிடிச்சேன்?"

"அப்படித்தான் சொன்னாங்க."

"அந்தக் கேள்வியை விட்டுடு" என்றான். "நீ இனிமே எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்."

துப்புத் துலக்கச் சொன்ன வாடிக்கையாளர் விலகிக்கொண்டார். கதை மட்டும் என் கையில் நின்றது.

9

சில முடிவுகள்.

(அ) மூன்றாவது தேர்விலும் அவள் தோற்கிறாள். அண்ணன் வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வருகிறான். [கண்ணீர் நன்றாக வரும். ஆனால் அண்ணி இதைப் படித்தால் என்னோடு பேச மாட்டாள்.]

(ஆ) அவள் தேறுகிறாள். தேறிய கையோடு அண்ணனிடம் போகாமல், துருக்கி மொழி பேசும் கடலோர நகரம் ஒன்றுக்குத் தனியாகக் கிளம்பிவிடுகிறாள். [எனக்குப் பிடித்தது இதுதான். பத்திரிகைக்கும் பிடிக்கும். அண்ணியிடம் சொன்னபோது, "அங்க வாடகை நீ தருவியா?" என்றாள்.]

(இ) நடந்தது.

மூன்றாவது தேர்வு அதே கட்டடத்தில், அதே தேர்வாளர் முன்னால். பேச்சுப் பகுதியில் அவளுக்கு வந்த படம் விளக்கு. போடச் சொல்லிக் கேட்க வேண்டும். இதுவும் உடையும் வினை. முன் துண்டைச் சொன்னாள். விளக்கைச் சொன்னாள். தயவுசெய்து என்பதையும் சொன்னாள். எதிரில் இருந்தவர், வகுப்பில் கூடப் படித்த சமையல்காரர், மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். மேசைக்கு அடியில் அண்ணியின் இரண்டு விரல்கள் கத்தரியாக விரிந்து மூடின. கடைசித் துண்டு வந்து விழுந்தது.

தேறிவிட்டாள். மதிப்பெண் பிரமாதம் இல்லை, போதும். அம்மாவிடம் ஜெர்மனிலும் அப்லாவிடம் துருக்கியிலும் அண்ணனிடம் தமிழிலும் சொன்னாள். விசாவும் வந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிட்டான். போன் ஸ்பீக்கரில். ஹலோ சொல்லவில்லை. தொண்டையைச் செருமினான். ஒப்பிக்கிற குரலில், ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைத்தான்.

"ஹோஷ் கெல்தின்."

அண்ணி கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

"யாரு சொல்லிக் கொடுத்தாங்க?"

"எங்கூட வேலை செய்யறவர் ஒருத்தர். இத்தனை நாளா அவர் துருக்கின்னே எனக்குத் தெரியாது, கேட்டதில்ல. லிஃப்ட் குழிக்குள்ள நின்னுக்கிட்டு ரெண்டு பேரும் மதியம் பூரா சொல்லிப் பார்த்தோம். தப்பா?"

"உச்சரிப்பு பரவால்ல. ஆனா இதை இப்ப சொல்லக் கூடாதுங்க. ‘நல்லபடியா வந்தே'ன்னு, வந்து எதிர்ல நிக்கறவங்ககிட்ட சொல்றது. நான் இன்னும் இங்கதான இருக்கேன்."

"ஓ." அவன் குரல் சுருங்கியது. பிறகு, "இதுக்குப் பதில் என்ன சொல்லணும்?" என்றான்.

"பதில் இருக்கு."

"சொல்லேன்."

"வந்தவங்கதான் சொல்ல முடியும்."

அவன் சிரித்தான். அம்மா என்ன சிரிப்பு என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அண்ணி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

10

நேற்று பெட்டி கட்டினாள். நிறத் தூரிகைகளைத் துணியில் சுற்றி நடுவில் வைத்தாள். அண்ணன் இருக்கும் ஊரிலேயே ஒரு லேபில் ஆள் எடுக்கிறார்கள் என்று அப்லா விசாரித்துச் சொல்லியிருக்கிறார். எடை கூடிவிட்டது. அம்மா தடித்த துருக்கி இலக்கணப் புத்தகத்தை வெளியே எடுத்து வைத்தாள். அண்ணி அதை மறுபடி உள்ளே வைத்துவிட்டு, ஒரு ஜோடி செருப்பை வெளியே எடுத்தாள்.

அந்தப் பதில் என்ன என்று எனக்கு மட்டும் சொன்னாள். ‘ஹோஷ் புல்துக்.' நல்லபடியாகக் கண்டோம் என்று அர்த்தம். வந்து நிற்பவர் ஒரே ஆளாக இருந்தாலும் ‘கண்டேன்' என்று சொல்லக் கூடாதாம். கண்டோம் என்றுதான் சொல்ல வேண்டுமாம்.

விமானம் அடுத்த வாரம். பத்திரிகைக்கு நான் இதை இன்றைக்கு அனுப்ப வேண்டும். ஆகவே நான் பார்க்காத அந்த வாசலை எழுதப் போவதில்லை. எழுதினால் அவள் அங்கிருந்தே போன் போட்டுத் திருத்துவாள். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. மாடியில் ஒரு கதவு. அண்ணன் திறக்கிறான், கற்றுக்கொண்டதைச் சொல்கிறான், இந்த முறை சரியான நேரத்தில். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் நிமிர்கிறாள். ஒருமையா பன்மையா, அவள் வாயில் வருவதை நீங்கள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.